மூன்றாம் மனிதன் நடந்த தெருக்கள்

ஓப்பர்ன்ரிங்: பர்க் கினோ

வியன்னாவின் அரசு ஓப்பரா மாளிகையிலிருந்து பொடிநடையாகப் போனால் பர்க் கினோ வந்துவிடும். 1912இல் தொடங்கிய திரையரங்கு. 'தி தேர்ட் மேன்' படத்தை இங்கே பல ஆண்டுகளாக விடாமல் திரையிட்டு வருகிறார்கள். கிரஹாம் கிரீன் எழுதி, கேரல் ரீட் இயக்கி, 1949இல் வெளிவந்த கறுப்பு வெள்ளை மர்மப் படம் அது. 1948 இலையுதிர்காலத்தில் இதே நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவே எடுத்தார்கள். எடுத்த ஊரிலேயே அதைப் பார்த்துவிட்டு, பிறகு அதன் தெருக்களில் நடக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அக்டோபர் மாதக் குளிரில் அது வாய்த்தது.

ஹோலி மார்டின்ஸ் ஓர் அமெரிக்கன். மலிவு விலைக் கௌபாய் நாவல்கள் எழுதிப் பிழைப்பவன். வேலை தருகிறேன் என்று பால்ய நண்பன் ஹாரி லைம் கூப்பிட்டதை நம்பி வியன்னாவுக்கு வருகிறான். வந்து இறங்கினால் ஹாரியைப் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டி மோதிச் செத்தானாம். தூக்கி ஓரமாகக் கிடத்தியது இரண்டு பேர் என்கிறார்கள் ஹாரியின் கூட்டாளிகள். ஜன்னலிலிருந்து பார்த்த வீட்டுக் காவலாளியோ மூன்று பேர் என்கிறார். அந்த மூன்றாவது ஆள் யார் என்று தேடிக் கிளம்புகிறான் மார்டின்ஸ்.

போர் முடிந்த வியன்னாவை அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், பிரான்ஸ் என நான்கு நாடுகள் பங்கு போட்டு ஆண்டன. நகரின் நடுப்பகுதி மட்டும் நால்வருக்கும் பொது. அங்கே நான்கு நாட்டுச் சிப்பாய்களும் ஒரே ஜீப்பில் ரோந்து போனார்கள். 1955இல் ஆஸ்திரியா விடுதலை பெறும் வரை இந்த நிலைதான். உணவுக்கும் மருந்துக்கும் பலர் கள்ளச்சந்தையையே நம்பியிருந்தார்கள். அந்தச் சந்தையில் ஹாரி விற்றது பென்சிலின். விற்றதோடு நிற்காமல் அதில் கலப்படமும் செய்தான்.

ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த படம் இது. கேமரா பல இடங்களில் சாய்ந்தே நிற்கிறது. தரையே ஒரு பக்கம் சரிந்துவிட்டதைப் போல நமக்குத் தோன்றுகிறது. இரவுத் தெருக்களில் தண்ணீர் தெளித்து எடுத்ததால் கல் பாவிய தரை ஈயம் பூசியதுபோல மினுங்குகிறது. கணினியிலும் தொலைக்காட்சியிலும் எத்தனை முறை பார்த்தாலும் இந்த மினுக்கம் கிடைக்காது.

படத்தில் ஜெர்மன் வசனங்களுக்கு எழுத்து வடிவ விளக்கம் கிடையாது. மார்டின்ஸுக்குப் புரியாதது நமக்கும் புரியக் கூடாது என்பது ரீடின் முடிவு. ஹாரியின் காதலி அன்னா தங்கியிருக்கும் வீட்டைச் சர்வதேசப் போலீஸ் சோதனை போடுகிறது. வீட்டுக்காரப் பாட்டி ஒரு மெத்தைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு மாடிப்படியில் நின்று பொரிந்து தள்ளுகிறாள். ஹெட்விக் பிளைப்ட்ராய் என்ற பெரிய நாடக நடிகை ஏற்ற வேடம். அரங்கில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் பேத்தியுடன் வந்திருந்த ஒரு மூதாட்டி, எண்பதைத் தாண்டியவர், சிரித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "எப்பேர்ப்பட்ட மனுஷர்கள் வந்துபோன வீடு இது, இப்போது இப்படி ஆகிவிட்டதே என்கிறாள். என் பாட்டியும் அச்சு அசல் இப்படித்தான் பேசுவாள்."

இடைவேளை இல்லாத படம். முடிந்ததும் அந்த அம்மா என்னையும் பக்கத்துக் காபி விடுதிக்கு அழைத்துப் போனார். நுரை ததும்பும் மெலாஞ் காபியும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும் வந்தன. பட்டை மணக்கும் ஆப்பிளைக் காகிதம்போல மெல்லிய மாவில் சுருட்டி அடுப்பில் சுட்ட பலகாரம். ஸ்ட்ரூடலை ஒரு துளி மிச்சமின்றி வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவர் பட்டாணிக் கதையைச் சொன்னார். 1945 மே மாதம் சோவியத் படை பசித்திருந்த வியன்னாவுக்குப் பட்டாணி கொடுத்தது. காய்ந்த பட்டாணி, உள்ளே புழு. "ராத்திரி ஊறப்போடுவார் அம்மா. புழு மிதந்து வரும். அதை எடுத்துப் போடுவது சின்னப் பிள்ளைகள் வேலை. எனக்கு நினைவில் இருக்கும் முதல் வேலை அதுதான்."

இந்தப் படம் வந்தபோது அவருடைய பெற்றோர் பார்க்கப் போகவில்லையாம். எங்கள் பசியை வெளியாட்கள் வந்து படம் பிடித்துக் காட்டுகிறார்களே என்ற மனக்குறை அவர்களுக்கு. மகளோ இப்போது பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "இடிந்த வியன்னாவை இவள் வேறு எங்கே பார்ப்பாள்?" என்றார்.

யோசெஃப்ஸ்பிளாட்ஸிலிருந்து மோல்கர் பாஸ்டை வரை

மறுநாள் காலை யோசெஃப்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போனேன். ஹாரியின் வீடாகப் படத்தில் வருவது இங்குள்ள பல்லவிச்சினி மாளிகை. வாசலின் இருபுறமும் கல் பெண்கள் தலையில் பாரம் தாங்கி நிற்கிறார்கள். இந்த வாசலுக்கு எதிரேதான் ஹாரி 'செத்தது'. சாட்சி சொன்ன காவலாளியாக நடித்தவர் பால் ஹோர்பிகர். ஆஸ்திரியாவே கொண்டாடிய நடிகர் அவர். 1945 தொடக்கத்தில் நாஜிகள் தேசத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளியிருந்தார்கள். பிரபு குர்ட்ஸாக வரும் எர்ன்ஸ்ட் டாய்ச் யூதர். நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போய்த் திரும்பி வந்தவர். இது தெரிந்த பிறகு அவர்களுடைய முகங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. ஒப்பனையில் வராத களைப்பு அந்தக் கண்களில் இருக்கிறது.

அங்கிருந்து வடமேற்கே நடந்தால் பழைய கோட்டைச் சுவரின் மிச்சமான மோல்கர் பாஸ்டை. பீத்தோவன் குடியிருந்த வீடுகளில் ஒன்று மேலே இருக்கிறது. கீழே ஷ்ரைஃபோகெல்காசெ தெருவில் 8ஆம் எண் வீடு. உலகத் திரைப்பட வரலாற்றில் மிகப் பேர் பெற்ற அறிமுகக் காட்சிகளில் ஒன்று இந்த வாசலில் நடந்தது. படம் தொடங்கி ஒரு மணி நேரம் வரை ஹாரியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவன் மட்டும் வருவதில்லை. இரவில் ஒரு பூனைக்குட்டி இருட்டு வாசலில் ஒளிந்திருப்பவனின் காலடியில் போய் உட்கார்கிறது. நின்றிருப்பது யாரென்று தெரியாமல் மார்டின்ஸ் தெருவிலிருந்து கத்துகிறான். சத்தம் பொறுக்காத ஒரு பெண் மேல்வீட்டு ஜன்னலில் விளக்கைப் போடுகிறாள். வெளிச்சம் நேரே வாசலில் விழுகிறது. அங்கே ஹாரியாக நடித்த ஆர்சன் வெல்ஸின் முகம். திருட்டுத்தனம் செய்து பிடிபட்ட பையனைப் போல ஒரு புன்னகை. நம் ஊர்த் திரையரங்காக இருந்திருந்தால் விசில் பறந்திருக்கும். முந்தைய இரவு பர்க் கினோவில் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாசலைப் பகலில் பார்த்தால் சாதாரண மரக்கதவு; பக்கத்தில் அழைப்பு மணிகள். மளிகைப் பையோடு வந்த ஒரு நடுவயதுப் பெண்மணி நான் நிற்பதைப் பார்த்ததும் வழிவிட்டு ஒதுங்கினார். "படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. தினமும் யாராவது வருவார்கள். ஒருவர் பூனையையே கொண்டுவந்தார்" என்றார். நான் எடுத்து முடித்த பிறகுதான் சாவியை எடுத்தார்.

அந்தப் புன்னகையின் வேலை என்ன என்று அங்கே நின்றபோது எனக்கு விளங்கியது. ஹாரி செய்த குற்றம் அதற்குள் நமக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவன் உயிரோடு இருப்பதைக் கண்டு நம் மனம் துள்ளுகிறது. அயோக்கியனை முகம் பார்த்து நேசிக்க நம்மால் முடிகிறது. அவனால் செத்தவர்களை நாம் பார்த்ததே இல்லை.

ஆம் ஹோஃப், யூடென்பிளாட்ஸ்

ஆம் ஹோஃப் சதுக்கத்தில் ஒரு முதியவர் கரி அடுப்பில் செஸ்ட்நட் கொட்டை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். தாள் கூம்பில் வாங்கிக் கையைச் சூடேற்றிக்கொண்டே நடந்தேன். படத்தில் மார்டின்ஸ் ஹாரியின் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடிவருவது இந்தச் சதுக்கத்துக்குத்தான். வந்து பார்த்தால் ஆளைக் காணோம். சுவரொட்டித் தூண் ஒன்றில் இருக்கும் கதவின் வழியாக அவன் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டான் என்பது பிறகு தெரிகிறது. பின்னால் வரும் ஒரு காட்சியில் போலீஸ் அவனைப் பிடிக்க வலை விரித்துக் காத்திருக்கிறது. அங்கே பிரம்மாண்டமான நிழல் ஒன்று சுவரில் ஊர்ந்து வர, துப்பாக்கிகள் தயாராகின்றன. வருவது பலூன் விற்கும் கிழவர்.

அங்கிருந்து ஒரு சந்தில் திரும்பினால் யூடென்பிளாட்ஸ். ரேச்சல் வைட்ரீட் வடித்த கான்கிரீட் நினைவகம் 2000இலிருந்து நடுவே நிற்கிறது. சுவர் முழுக்கப் புத்தகங்களின் வடிவம். ஆனால் முதுகு உட்புறம் திரும்பியிருப்பதால் எந்தப் புத்தகத்தின் பெயரையும் படிக்க முடியாது. கதவு உண்டு, கைப்பிடி இல்லை. நாஜிகள் கொன்ற 65,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரிய யூதர்களுக்கான நினைவகம்.

படத்தில் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த நகரத்தில் எல்லோரும் எதையோ பார்க்காதவர்போல ஜன்னலைச் சாத்திக்கொள்வதைப் படம் காட்டுகிறது. சாட்சி சொல்ல வந்த காவலாளிகூட, வம்பு வேண்டாம் என்று முதலில் மறுக்கிறார். அந்தப் பழக்கம் ஒரு நாளில் வந்ததாக இருக்காது என்று இங்கே நிற்கும்போது தோன்றியது.

கார்ல்ஸ்பிளாட்ஸ்: நிலத்துக்கு அடியில்

கார்ல்ஸ்பிளாட்ஸை ஒட்டிய ரெஸ்ஸல் பூங்காவில் பிள்ளைகள் சறுக்கிக்கொண்டும் ஊஞ்சலாடிக்கொண்டும் இருந்தார்கள். போருக்குப் பிந்தைய வியன்னாவின் பெரிய கள்ளச்சந்தை இங்கேதான் கூடியது. அதன் அருகிலேயே பாதாளச் சாக்கடைக்கு இறங்கும் படிக்கட்டு இருக்கிறது. நகராட்சியே ஆட்களை அழைத்துப்போய்க் காட்டுகிறது. வழிகாட்டியவர் அந்தச் சாக்கடையில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். தலைக்கவசமும் நெற்றி விளக்கும் கொடுத்து, எல்லோருடைய வாரையும் தானே இறுக்கிச் சரிபார்த்தார்.

கீழே இறங்கியதும் முதலில் தாக்குவது சத்தம். நாற்றம் நான் பயந்த அளவுக்கு இல்லை; ஈரச் சுவரும் பழைய சோப்பும் கலந்த வாடை. காலராக் கால்வாய் என்று ஒன்றைக் காட்டினார். 1830களில் காலரா நகரத்தை வாரிக்கொண்டு போன பிறகு வீன் ஆற்றின் கரையோரம் கட்டியது. இன்னும் உள்ளே போனால் அந்த ஆற்றையே மூடிய பெரும் வளைவு மண்டபம். அங்கே சுவரில் படத்தின் துரத்தல் காட்சியை ஓட்டிக் காட்டினார்கள். ஓடும் காலடிகள் எங்கிருந்து கேட்கின்றன என்று அறிய முடியாமல் ஹாரி சுழன்று சுழன்று பார்க்கிறான். ஒவ்வொரு குகைவாயிலிலிருந்தும் ஒரு குரல். காட்சி நின்ற பிறகு நாங்கள் நகர்ந்தபோது எங்கள் காலடிச் சத்தமும் அப்படியே நாலாபுறமும் சிதறிக் கேட்டது.

சாக்கடைக்குள் நடிக்க வெல்ஸுக்குப் பிடிக்கவில்லை. பல காட்சிகளில் அவருக்குப் பதிலாள் நடித்தார். சிலவற்றை இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் அரங்கம் அமைத்து எடுத்தார்கள். குண்டடி பட்ட ஹாரி இரும்பு மூடியின் துளைகள் வழியே விரல்களை மேலே நீட்டுவானே, அந்த விரல்கள் இயக்குநர் ரீடுடையவை. வெற்றுத் தெரு, காற்று, தரையிலிருந்து முளைத்ததுபோல அசையும் விரல்கள். கொலைகாரனுக்காக நெஞ்சு பதைக்கும் இடம் அது.

வழிகாட்டியிடம் ஆபத்தான வேலையா என்று கேட்டேன். வாயுவை அளக்கும் கருவியில்லாமல், மேலே ஆள் நிற்காமல் யாரும் இறங்க மாட்டோம் என்றார். "எங்கள் வேலை நின்றால் நகரம் மூன்று நாள் தாங்காது" என்று நிமிர்ந்து சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 2013இல் வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் வெறும் உடம்போடு இறங்கி விஷவாயுவில் செத்தவர்களின் செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். பெரும்பாலும் நாலு வரிச் செய்தி. செத்தவரின் வீட்டு வாசலுக்கு நாம் போனதில்லை. வியன்னாவின் சாக்கடைத் தொழிலாளி தன் நகரத்தின் அடிவயிற்றை விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டுகிறார். நம் ஊர்க்காரருக்கும் அந்த நிமிர்வு கிடைக்க வேண்டும்.

பிரெஸ்காசெ: ஒரு ஸிதரும் ஒரு புரொஜக்டரும்

நாஷ்மார்க்ட் சந்தையில் ஊறுகாய் பீப்பாய்களையும் ஆலிவ் குவியல்களையும் கடந்து பிரெஸ்காசெ தெருவுக்குப் போனேன். இந்தப் படத்துக்கென்றே ஒரு தம்பதி நடத்தும் தனியார் அருங்காட்சியகம் 2005 முதல் இங்கே இருக்கிறது. சுவரொட்டிகள், பல மொழிகளில் வந்த இசைத்தட்டுகள், படக்குழு பயன்படுத்திய தாள்கள். இவற்றைத் தாண்டிக் கடைசி அறைகளுக்குப் போனால் போருக்குப் பிந்தைய வியன்னா: அடையாள அட்டைகள், ரேஷன் அட்டைகள், இடிபாடுகளின் புகைப்படங்கள். நாற்பதுகளின் ரேஷன் அட்டை ஒன்றில் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்தது போக ஓரங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. கத்தரிக்கோல் போன தடம் அத்தனை நேர்த்தி. பசியிலும் கை நடுங்காமல் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

ஆன்டன் கராஸின் ஸிதர் இங்கே இருக்கிறது. மடியிலோ மேசையிலோ கிடத்தி வாசிக்கும் தட்டையான தந்தி வாத்தியம். கராஸ் வியன்னாவின் ஹாய்ரிகர் விடுதிகளில் வாசித்துப் பிழைத்தவர். அந்த ஆண்டின் புது ஒயினை ஊற்றிக் கொடுக்கும் விடுதிகள் அவை. ரீட் அவர் வாசிப்பைக் கேட்டு, லண்டனுக்கு வரவழைத்து, முழுப் படத்துக்கும் அந்த ஒரே வாத்தியத்தை வைத்தே இசையமைக்கச் சொன்னார். 1950இல் அந்த மெட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. படத்தின் தலைப்பு எழுத்துகள் ஓடுவதும் அதிரும் ஸிதர் தந்திகளின் மீதுதான். ஊர் ஊராக வாசித்துவிட்டு வந்த கராஸ், பிறகு வியன்னாவின் ஓரத்தில் சீவரிங் பகுதியில் சொந்தமாக ஒரு ஹாய்ரிகர் திறந்து வாசித்தார்.

அருங்காட்சியகத்தில் 1936ஆம் ஆண்டுப் புரொஜக்டர் ஒன்றை ஓட்டிப் படத்தின் ஒரு துண்டைக் காட்டினார்கள். படச்சுருள் கடகடவென ஓடும் சத்தத்துக்கு நடுவே அந்த மெட்டு எழுந்தபோது உடம்பு சிலிர்த்தது. துயரக் கதைக்கு இவ்வளவு துள்ளலான இசையா என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறேன். ரேஷன் அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டபோது அதில் துள்ளலைவிடப் பிடிவாதமே கூடுதலாக ஒலித்தது.

பிராட்டர்: மேலிருந்து

பிராட்டர் கேளிக்கைப் பூங்காவில் லாங்கோஷ் வாங்கிச் சாப்பிட்டேன். எண்ணெயில் பொரித்து, மேலே பூண்டுச் சாறு தடவிய ரொட்டி. நம் ஊர்ச் சோளா பூரிக்கு அண்ணன்.

இங்குள்ள ராட்சத ராட்டினமான ரீசன்ராட் 1897இல் வால்டர் பாசெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது. 64.75 மீட்டர் உயரம். 1944இல் எரிந்தது, 1947இல் மறுபடி சுற்றத் தொடங்கியபோது, 30 பெட்டிகளாக இருந்தது 15ஆகக் குறைந்தது. படத்தில் நாம் பார்ப்பது அந்த 15 பெட்டி ராட்டினம். இன்றும் அதே எண்ணிக்கைதான்.

செத்ததாகச் சொன்ன ஹாரி மார்டின்ஸைச் சந்திப்பது இந்தப் பெட்டி ஒன்றில். உச்சிக்குப் போனதும் கதவைத் திறந்து கீழே காட்டுகிறான். அங்கே நகரும் புள்ளிகளில் ஒன்று நகராமல் போனால் நிஜமாகவே உனக்கு வருத்தமா, ஒரு புள்ளிக்கு இவ்வளவு பணம் என்றால் வேண்டாம் என்பாயா என்ற பொருளில் கேட்கிறான். மரப் பெட்டி மெல்ல ஏறி உச்சியில் நின்றபோது நானும் ஜன்னலோரம் போய்க் கீழே பார்த்தேன். புள்ளிகள்தான். சிவப்புச் சட்டைப் புள்ளி ஒன்று, குழந்தை வண்டியோடு ஒரு புள்ளி. அந்த உயரத்தில் ஹாரியின் கணக்கு ஒரு நொடி சரியாகப் பட்டுவிடுகிறது. அதுதான் அதன் பயங்கரம்.

படம் இதற்குப் பதில் சொல்வது வாதத்தால் அல்ல. பிரிட்டிஷ் அதிகாரி காலோவே, மார்டின்ஸைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார். கலப்பட பென்சிலின் ஏற்றப்பட்ட பிள்ளைகள் கிடக்கும் வார்டு. கேமரா ஒரு பிள்ளையைக்கூடக் காட்டுவதில்லை. கட்டிலின் மேல் குனிந்து பார்க்கும் மார்டின்ஸின் முகத்தைக் காட்டுகிறது. ஒரு தாதி பொம்மைக் கரடி ஒன்றை எடுத்துப் போடுகிறாள். அவ்வளவுதான். உச்சியில் நின்று பார்த்த மனிதன் கட்டிலருகே வந்து குனிகிறான். அந்தக் குனிதல்தான் இந்தப் படத்தின் அறம் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

பிராட்டர் இருக்கும் லியோபோல்ட்ஸ்டாட் அப்போது சோவியத் பகுதி. 1938க்கு முன் வியன்னா யூதர்கள் நெருங்கி வாழ்ந்த வட்டாரமும் இதுவே. திரும்பும் வழியில் நடைபாதைகளில் பித்தளைப் பட்டயங்கள் பதித்திருப்பதைக் கண்டேன். இந்த வீட்டில் இன்னார் வாழ்ந்தார், இங்கிருந்து கொண்டுபோகப்பட்டார், இந்த இடத்தில் கொல்லப்பட்டார். பெயர், பிறந்த தேதி. நின்று படிக்கத் தலை குனிய வேண்டும். ஒரு சிறுமி தன் சைக்கிளை ஒரு பட்டயத்தின் மேல் ஏற்றாமல் வளைத்து ஓட்டிப் போனாள்.

ஸிம்மரிங்: மத்திய கல்லறை

71ஆம் எண் டிராம் மத்திய கல்லறைக்குப் போகிறது. 1874இல் திறந்தது. சுமார் முப்பது லட்சம் பேர் இங்கே அடக்கம். உயிரோடிருக்கும் வியன்னாவாசிகளைவிடக் கூடுதல். பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். காவலாளியாக நடித்த ஹோர்பிகருக்கும் இங்கே கௌரவக் கல்லறை உண்டு. நம் வீடுகள் பலவற்றில் பெண்களைச் சுடுகாட்டுக்கு அனுப்புவதில்லை. இங்கே பாட்டிமார் பூவாளியும் சின்ன மண்வெட்டியும் கொண்டுவந்து கணவரின் கல்லறையில் செடி நடுகிறார்கள். ஒருவர் என்னிடம் பூவாளியை நீட்டிக் குழாயைக் காட்டினார். இரண்டு முறை நிரப்பிக் கொடுத்தேன். தன் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துத் தந்தார்.

படத்தில் ஹாரியின் முதல் அடக்கமும் கடைசிக் காட்சியும் இந்தக் கல்லறையில். இரண்டாவது முறை ஹாரியை உண்மையாகவே புதைக்கிறார்கள். அவனைக் காட்டிக்கொடுத்துச் சுட்டவன் மார்டின்ஸ். மொட்டை மரங்களுக்கு நடுவே நீளும் பாதையில் அன்னாவுக்காகக் காத்து நிற்கிறான். தூரத்தில் புள்ளியாகத் தொடங்கி அவள் நடந்து வருகிறாள். கேமரா அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேல் நடந்து, நெருங்கி, அவனைத் திரும்பியும் பாராமல் கடந்து போய்விடுகிறாள். இருவரும் சேர்ந்து போவதாகத்தான் கிரீன் எழுதியிருந்தார். ரீட் ஒப்பவில்லை. ரீடின் முடிவே சரி என்று கிரீன் பிற்பாடு மனமுவந்து எழுதினார்.

அன்னாவின் கோபத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஹாரி என்ன செய்தான் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவள் அறிந்த முகம் அவனுடையது. மார்டின்ஸ் அறிந்ததும் அதே முகம். பிள்ளைகளின் கட்டிலைப் பார்த்த பிறகு நண்பனைக் காப்பாற்ற அவனால் முடியவில்லை. இரண்டு பேரும் யாரோ ஒருவரை அருகில் போய்ப் பார்த்தவர்கள். அதற்கான விலையை இருவரும் கொடுக்கிறார்கள். நியாயத்தின் பக்கம் நின்றவனுக்குப் பரிசு உண்டு என்று படம் ஆசைகாட்டவில்லை. பரிசில்லாமலும் அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்கிறது. போர், கலவரம், கலப்பட மருந்து என்று எந்தச் செய்தியிலும் எண்ணிக்கை மட்டும் காதில் விழும் இந்தக் காலத்தில், எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் இதைவிட நேராகப் பேசும் படம் எனக்குத் தெரியாது. வியன்னா போகிறவர்கள் முதல் நாளே பர்க் கினோவில் இதைப் பாருங்கள். ராட்டினத்தில் ஏறுங்கள், தவறில்லை. இறங்கியதும் நடைபாதைப் பட்டயங்களில் ஒரு பெயரையாவது குனிந்து முழுதாகப் படியுங்கள்.